பேஸ் ஆம்ப், பெட்டி, மைக் செட் வாங்கினது வித்தது – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

வணக்கம் மக்களே. நான் திருச்சி, லைட் மியூசிக் ட்ரூப்ல பேஸ் கிட்டார். திருவிழா சீசன் வர்றதுக்கு முன்னாடி தான் எல்லாரும் பழைய ஆம்பை வித்துட்டு வேற பாப்பாங்க, சின்னப் பசங்க முதல் ஆம்ப் வாங்குவாங்க, அதனால வாங்குற இடத்துலயும் விக்கிற இடத்துலயும் நான் பாத்ததை சொல்றேன். நீங்களும் சொல்லுங்க, நாலு பேருக்கு காசு மிச்சமாகும்.

என் பழைய 15 இன்ச் காம்போவை (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில இருக்குறது) விக்கப் போட்டிருந்தேன். போன் பண்ணினவங்க எல்லாருக்கும் ஒரே கேள்வி, "எத்தனை வாட்ஸ்ணே?" ஸ்பீக்கர் எத்தனை ஓம் (மின் எதிர்ப்பு), ரீகோன் பண்ணினதா (ஸ்பீக்கரோட பேப்பர் கோனை மாத்தினதா), மிக்சருக்குக் குடுக்க லைன் அவுட் இருக்கா, கேபினட் ஆடுதா, இதை ஒருத்தரும் கேக்கல. வாட்ஸ் வேணாம்னு சொல்லல, ஆனா அந்த ஒரு நம்பரை வச்சு ஆம்ப் வாங்குனா கண்டிப்பா காசு போகும். டப்பா மேல 600னு பெருசா போட்டிருக்கும், கீழ பொடி எழுத்துல பீக்னு (ஒரு கணம் மட்டும் தொடுற உச்சம்) இருக்கும், தொடர்ந்து தர்ற ஆர்.எம்.எஸ். எவ்ளோன்னு பாத்தா 150 கூட வராது. அதோட வாட்ஸை ரெண்டு மடங்கு ஆக்கினா சத்தம் ரெண்டு மடங்கு ஆகாது, 3 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) தான் ஏறும். காதுக்கு ரெண்டு மடங்கா தெரியணும்னா சுமாரா 10 டிபி, அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேணும். 100ல இருந்து 200க்கு மாத்த ஆயிரக்கணக்குல குடுக்குறதுக்கு பதிலா இன்னொரு நல்ல ஸ்பீக்கர் பெட்டி சேத்தா மேடையில வித்தியாசம் நல்லா தெரியும், ஏன்னா கோன் பரப்பு கூடுது.

கடைசியில புதுக்கோட்டை பக்கத்துல இருந்து ஒரு அப்பாவும் பையனும் வந்தாங்க. பையன் பாலிடெக்னிக், கையில அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ். வால்யூமை கால்வாசி வச்சு மேல ஃப்ரெட்ல ரெண்டு லைன் வாசிச்சுட்டு "ஓகேப்பா"ன்னான். அப்பாவும் பாக்கெட்ல கை விட்டுட்டார். நான் தான் இருங்க சார்னு நிறுத்தினேன். தம்பி, பேஸ் ஆம்பை மேல் நோட்ல டெஸ்ட் பண்ணினா ஒண்ணும் தெரியாது, ஓபன் ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், உன் அஞ்சாவது ஸ்ட்ரிங் பி 31 ஹெர்ட்ஸ், அங்க தான் பெட்டியோட லட்சணம் தெரியும். வால்யூமை மேடையில வைக்கிற அளவுக்கு ஏத்து, ஒவ்வொரு நோட்டா மெதுவா நீளமா பிடி, எங்கயாவது கிர்ர்னு அதிருதான்னு கேளுன்னேன். ஒரு நோட்ல மட்டும் கிரில் அதிர்ந்துச்சு, ஸ்க்ரூ லூசு, அங்கயே டைட் பண்ணிட்டோம். அப்புறம் ஒவ்வொரு நாபா திருப்பச் சொன்னேன், கரகரன்னு வருதான்னு. ஜாக்கை லேசா ஆட்டச் சொன்னேன். ஆஃப் பண்ணிட்டு கிரில்லைக் கழட்டி ரெண்டு கையாலயும் கோனை சமமா மெதுவா உள்ள அழுத்தச் சொன்னேன், உள்ள உரசுற மாதிரி இருந்தா காயில் சாஞ்சிருக்குன்னு அர்த்தம், அந்தப் பெட்டியை வாங்கவே கூடாது. இவ்ளோவும் பாத்துட்டு அவர் ஆயிரம் ரூபா குறைச்சுக் கேட்டார், சந்தோஷமா குடுத்தேன். என் பொருள்ல ஒளிக்க ஒண்ணும் இல்ல, அவருக்கும் நம்பிக்கை வந்துச்சு. விக்கிறவங்க யாரா இருந்தாலும் ஃபுல் வால்யூம்ல வாசிக்க விடமாட்டேன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

இன்னொண்ணு, அமெரிக்காவுல இருந்து திரும்பி வந்த ஒருத்தர்கிட்ட 500 வாட்ஸ் கிளாஸ் டி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப், எடை கம்மியான வகை) பாக்கப் போனேன். கையில தூக்கினா மூணு கிலோ கூட இல்ல, சவுண்டு அவ்ளோ சுத்தம். பின்னாடி லேபிளைப் பாத்தா 120 வோல்ட்ஸ் 60 ஹெர்ட்ஸ்னு மட்டும் இருக்கு, செலக்டர் சுவிட்சு இல்ல. நம்ம 230ல நேரா சொருகினா அன்னிக்கே போயிடும். அவர் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்பார்மர் வச்சிருந்தார், அதோட சேத்து வாங்கினேன், விலையும் அதுக்கேத்த மாதிரி குறைச்சுக்கிட்டார். வெளிநாட்டுப் பொருள் சல்லிசா வருதுன்னா முதல்ல திருப்பி அந்த லேபிளைப் படிங்க.

ஓம் கணக்கும் ஒரு தடவை சொல்லிடறேன். 8 ஓம் பெட்டி ரெண்டு பேரலலா போட்டா 4 ஓம், 4 ஓம் பெட்டி ரெண்டு போட்டா 2 ஓம். நிறைய ஹெட்டுக்கு 4 ஓமுக்குக் கீழ இறங்கக்கூடாது. ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல வாடகைக்கு வந்த ரெண்டு 4 ஓம் பெட்டியையும் பசங்க ஒரே ஹெட்ல சேத்துட்டாங்க, நாலாவது பாட்டுல ஹெட் ப்ரொடெக்ட்ல போய் நின்னுடுச்சு, நல்லவேளை அந்த ஹெட்ல ப்ரொடெக்ஷன் இருந்துச்சு. ராஜா சார் பாட்டுன்னா நம்ம ஊர்ல பாதி உயிர் பேஸ்ல தான் இருக்கு, அவரோட பேஸ் பிளேயர் சசிதரன் வாசிச்ச லைனெல்லாம் ஜனங்க வாயாலயே பாடுவாங்க, அங்க பேஸ் நின்னா கூட்டத்துக்கு உடனே தெரிஞ்சிடும்.

*

அண்ணே நல்ல விஷயம் ஆரம்பிச்சீங்க. நான் கும்பகோணம் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கேன், மிக்சர்ல உக்காந்து பாக்குற ஆளோட அனுபவத்தையும் கேளுங்க.

பேஸ் பிளேயர் பெரிய ஆம்ப் கொண்டு வந்து மேடையில ஏத்தி வச்சா எனக்கு வேலையே இல்ல, ஃபேடரை மூடி வச்சாலும் அரங்கம் பூரா பேஸ் தான். 41 ஹெர்ட்ஸ் சவுண்டோட ஒரு அலை எட்டு மீட்டருக்கு மேல நீளம், அது ஆம்ப் பாத்த திசையில மட்டும் போகாது, பின்னாடி சுத்தி பாடகர் மைக்லயும் ட்ரம்ஸ் மைக்லயும் ஏறும். கல்யாண மண்டபம்னா சொல்லவே வேணாம், மார்பிள் தரை, கண்ணாடி, தகரக் கூரை, ஒரு நோட்டு அடங்குறதுக்குள்ள அடுத்தது வந்துடும். அதனால எங்கிட்ட வர்ற ட்ரூப்புக்கு நான் சொல்றது, ஆம்ப் உங்களுக்கும் ட்ரம்மருக்கும் கேட்டா போதும், ஜனங்களுக்கு நான் டி.ஐ.ல (கிட்டார் சிக்னலை நேரா மிக்சருக்கு அனுப்புற டப்பா) எடுத்து டபுள் 18, அதாவது ரெண்டு 18 இன்ச் ஸ்பீக்கர் இருக்குற பேஸ் பெட்டியில குடுக்குறேன். ஆம்பை தரையில வச்சு கொழகொழன்னு இருந்தா ஒரு நாற்காலி மேல தூக்கி வச்சுப் பாருங்க, அடி பேஸ் குறைஞ்சு நோட்டு தெளிவாகும், காதுக்கும் கிட்ட வரும், வால்யூமை நீங்களே குறைச்சுடுவீங்க.

இப்ப கரண்ட் விஷயம். இதை தயவு செஞ்சு எல்லாரும் படிங்க. ஒரு அம்மன் கோயில் திருவிழா, பாதிக் கச்சேரியில கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாத்தினாங்க. மாத்தின உடனே சீரியல் செட் லைட்டெல்லாம் ஒரு பக்கம் பளீர்னு எரியுது, இன்னொரு பக்கம் மங்கலா இருக்கு. நான் மிக்சரை விட்டு ஓடிப்போய் மெயினை இறக்கினேன். சேஞ்ச் ஓவர்ல (ஜெனரேட்டருக்கு மாத்துற சுவிட்சு) நியூட்ரல் லூசு. த்ரீ ஃபேஸ்ல நியூட்ரல் விட்டுப் போச்சுன்னா லோடு கம்மியா இருக்குற ஃபேஸ்ல 230க்கு பதிலா 300, 350ன்னு ஏறும், மோசமான கட்டத்துல 400 வரைக்கும் போகும். எங்க ரேக் தப்பிச்சுது, ஆனா நான் ஓடி இறக்குறதுக்குள்ளயே கீபோர்ட் அடாப்டரும் பேஸ் ஆம்போட பவர் சப்ளையும் போயிடுச்சு. அதுல இருந்து மீட்டர் வைக்காம நான் எதையும் சொருகுறதில்ல. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட், அதுக்கு மேல காட்டினா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சரி பண்ண வச்சுட்டு தான் செக்கிங்.

ஹம் வருதுன்னு எர்த் பின்னை ஒடிச்சுட்டு சொருகுறவங்களை இன்னும் பாக்குறேன், மனசு பதறுது. உங்க ஸ்ட்ரிங் ஆம்போட எர்த்துல தான் சேந்திருக்கு. ஆம்ப்ல எர்த் இல்லாம லீக்கேஜ் இருந்துச்சுன்னா கை ஸ்ட்ரிங்ல, உதடு மைக்ல, நடுவுல நீங்க. ஹம்முக்கு டி.ஐ. பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சு (சிக்னல் கேபிளோட எர்த்தை மட்டும் பிரிக்கிறது) இருக்கு, அதைப் போடுங்க, இல்லன்னா ஆம்பும் மிக்சரும் ஒரே இடத்துல இருந்து கரண்ட் எடுங்க. லைட் டிம்மர் இருக்குற ஃபேஸ்ல சவுண்டைப் போடாதீங்க.

*

நான் பாளையங்கோட்டை, எங்க சர்ச் கொயர்ல பேஸ் வாசிக்கிறேன். பெண்கள் இங்க அதிகம் எழுத மாட்டேங்கிறாங்க, அதனால கண்டிப்பா எழுதணும்னு தோணுச்சு.

சர்ச்சுக்கு பேஸ் ஆம்ப் வாங்க கமிட்டி பணம் ஒதுக்கி என்னையும் எங்க கீபோர்ட் அண்ணனையும் அனுப்புனாங்க. கடையில முதல் கேள்வி, "தம்பிக்கு வாங்குறீங்களாம்மா?" அப்புறம் முழுக்க அண்ணன்கிட்டயே பேசுறாங்க. சர்ச் பெருசுன்னு சொன்னதும் நாலு 10 இன்ச் பெட்டியும் 500 வாட்ஸ் ஹெட்டும் காட்டுனாங்க. நான் என் பேஸை கவர்ல இருந்து எடுத்து, இதை சொருகித் தான் பாப்பேன், கடை பேஸ் வேணாம்னேன். வாசிக்க ஆரம்பிச்சதும் பேச்சு மாறிடுச்சு. பொண்ணுங்க யாரா இருந்தாலும் சொந்த கிட்டாரோட போங்க.

எங்க சர்ச்ல கூரை உயரம், எக்கோ ஜாஸ்தி, மேல அண்ணன் சொன்னது அப்படியே பொருந்தும். அதனால பெரிய செட் வேணாம்னு சொல்லிட்டேன். ஃபெண்டர் ரம்பிள் 40யும் 100ம் பக்கத்துல பக்கத்துல வச்சு வாசிச்சேன். 40ல ஒரு 10 இன்ச், எட்டு கிலோ சொச்சம், 100ல ஒரு 12 இன்ச், பத்து கிலோ. ரெண்டுலயும் பின்னாடி கேனான் (மைக் கேபிள்ல வர்ற மூணு பின், எக்ஸ்.எல்.ஆர்.) லைன் அவுட் இருக்கு, ஹெட்போன் சாக்கெட்டும் இருக்கு. 40 பிராக்டிசுக்கு அருமை, ட்ரம்ஸ் கூட வந்தா அடி நோட்டு திணறுது. 100 எடுத்தோம். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு லைன் அவுட்ல மிக்சருக்குப் போகுது, ஆம்ப் எங்க கொயருக்கு மட்டும். ஒதுக்கின பணத்துல மீதி வந்ததை நல்ல ஸ்டாண்டுக்கும் கேபிளுக்கும் குடுத்தோம்.

மைக் வாங்கினது தனிக் கதை. ஷ்யூர் எஸ்எம் 58, 1966ல இருந்து வர்ற மைக், உலகத்துலயே இதுக்குத் தான் போலி அதிகம்னு சொல்லுவாங்க. வேற ஒரு ஊர்ல ஒரு கடையில பாதி விலை சொன்னாங்க, பெட்டி, பவுச்சு எல்லாம் அப்படியே இருக்கு. கம்பெனி போட்டிருக்குற எடை 298 கிராம். பக்கத்து மளிகைக் கடையில எலக்ட்ரானிக் தராசுல வச்சுப் பாத்தோம், நல்லா குறைவா காட்டுச்சு. மரியாதையா திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டோம். எடை சரியா இருந்தா மட்டும் ஒரிஜினல்னு இல்ல, ஆனா எடை தப்புன்னா கண்டிப்பா வேணாம். அதிகாரப்பூர்வ டீலர் பில், வாரண்டி கார்டு வாங்குங்க. காணிக்கைப் பணம், ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருத்தரோட கூலி.

*

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில ஆம்ப் சர்வீஸ் பண்றேன், முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. சங்கதி எல்லாம் சரியா சொல்லிருக்கீங்க, அந்தத் தங்கச்சி தராசுல வச்சது ரொம்ப சரி.

செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்கப் போறவங்க ஒரு மல்டிமீட்டர் பையில வச்சுக்கங்க. 8 ஓம் பெட்டியை அளந்தா ஆறு சொச்சம் காட்டும், 4 ஓம் பெட்டி மூணு சொச்சம் காட்டும், அது சரி தான், பயப்படாதீங்க. மீட்டர் காட்டுறது டி.சி. ரெசிஸ்டன்ஸ், பெட்டியில எழுதிருக்குறது இம்பிடன்ஸ், அதாவது சவுண்டு ஓடும்போது இருக்குற எதிர்ப்பு. ஆனா பின்னாடி 8 ஓம்னு எழுதி மீட்டர்ல மூணு வந்துச்சுன்னா யாரோ காயில் மாத்தும்போது தப்பான காயிலைப் போட்டிருக்காங்க. இந்த மாதிரி பெட்டி எங்கிட்ட அடிக்கடி வரும், கூடவே செத்துப்போன ஹெட்டும் வரும். கோன் பேப்பர் நல்லா இருந்து ஓரத்துல ஃபோம் உதிருதுன்னா அதுக்குன்னு விலையைக் குறைங்க, கடற்கரை ஊருக்காரங்க முக்கியமா பாக்கணும்.

வால்வு ஆம்ப் பத்தி யாரும் சொல்லல. ஆம்பெக் எஸ்விடின்னு 1969ல வந்தது, 300 வாட்ஸ், 14 வால்வு, ஹெட் மட்டுமே 35 கிலோவுக்கு மேல, எட்டு 10 இன்ச் பெட்டியோட வாசிப்பாங்க. அந்தக் குடும்பத்து ஹெட் ஒண்ணு ஒரு ஸ்டூடியோ மூடினப்ப ஒரு பையனுக்குக் கிடைச்சது. வீட்டுக்குக் கொண்டு போய், எரியுதான்னு பாக்க ஸ்பீக்கர் சொருகாமலே ஆன் பண்ணி வால்யூமை ஏத்தி வாசிச்சிருக்கான். வால்வு ஆம்ப்ல லோடு இல்லன்னா அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர்ல வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் உடையும். அதைத் திருப்பிச் சுத்த எனக்கு வாரக்கணக்கு ஆச்சு, அந்தப் பையன் தினமும் வந்து பக்கத்துல உக்காந்து பாப்பான், பாவமா இருக்கும். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு இது பெருசா ஒண்ணும் பண்ணாது, வால்வுன்னா பெட்டி சொருகிட்டுத் தான் சுவிட்சு. கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடாதீங்க, உள்ள முடி மாதிரி மெல்லிசு கம்பி, சூடாகி ஷார்ட் ஆகும். ஸ்பீக்கர் வயர், ஸ்பீக்கான் பின் இதான் சரி.

*

மதுரை அண்ணே, ரொம்ப நன்றி, மீட்டர் விஷயம் எனக்கும் உபயோகம். நான் வாங்கின 120 வோல்ட்ஸ் ஹெட் பத்தி ஒண்ணு கேக்கணும். சில மாடல்ல உள்ள இருக்குற ஒரு ஜம்பர் (சின்ன இணைப்பு) மாத்தினா 230க்கு வந்துடும்னு சொல்றாங்க, சிலதுல பவர் சப்ளை போர்டையே மாத்தணுங்கிறாங்க. மூணு கிலோ ஹெட்டுக்கு எட்டு கிலோ ட்ரான்ஸ்பார்மரைத் தூக்கிட்டு வேன்ல அலையறேன். கழட்டிப் பாத்து எதுன்னு சொல்ல முடியுமா, அடுத்த வாரம் திருமங்கலத்துல புரோகிராம் இருக்கு, வர்ற வழியில கடையில குடுத்துட்டுப் போறேன். கும்பகோணம் தம்பி, நீங்க என்ன மீட்டர் வச்சிருக்கீங்க, அதையும் சொல்லுங்க, எங்க ட்ரூப்புக்கு ஒண்ணு வாங்கிடறேன்.