மறு: கேரவன் கையேடு – மூன்று தொட்டிக்குப் பெயர்

> ஃப்ரெஷ் வாட்டர் (புழங்குவதற்குப் பிடித்துவைக்கும் தண்ணீர்) = நன்னீர்; கிரே வாட்டர் (குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர்) = சாம்பல்நீர்; பிளாக் வாட்டர் (கழிப்பறைக் கழிவு) = கருநீர். இப்படியே போட்டுவிடலாமா?

வணக்கம் ஐயா,

வேண்டாம். அக்கா மகன் தருமபுரியில் ஒரு டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றிக்கொண்டிருக்கிறான். அவனிடம் மூன்றையும் படித்துக் காட்டினேன். "சாம்பல்நீர்னா பாத்திரம் வெளக்குற சாம்பலைக் கரைச்சதா மாமா?" என்று கேட்டான். கருநீர் என்றதும் அக்காவுக்குப் பனிக்குடம்தான் நினைவுக்கு வந்தது.

நன்னீர்தான் எனக்குப் பெரிய உறுத்தல். எங்கள் பக்கத்தில் போர்வெல் தண்ணீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவுக்கு ஃபுளோரைடு. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் அந்தத் தண்ணீர்தான். ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. வழியில் ஏதோ ஒரு போர்வெல்லில் 100 லிட்டர் பிடித்துவிட்டுத் தொட்டிமேல் 'நன்னீர்' என்று எழுதினால் அதற்கு யார் பொறுப்பு? புதுநீர் என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். ஆடியில் ஒகேனக்கலுக்கு வந்து பாருங்கள், புதுநீர் செம்மண் நிறத்தில் வரும்.

> சாம்பல்நீருக்குப் பதில் கழுவுநீர்?

நானும் முதலில் இதைத்தான் சொன்னேன். அக்கா மகன் ஸ்டிக்கரே அடித்து, அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்ய வைத்த மூடிமேல் ஒட்டிவிட்டான். ஒகேனக்கலில் வண்டியை நிறுத்தியபோது, உதவிக்கு வந்த பையன் அதைப் படித்து, கழுவுவதற்கான தண்ணீர் என்று நினைத்து, ஹோஸை அதிலேயே சொருகிவிட்டான். இரவு குளிக்கப் போனால் காலடியில் உள்ள வடிகால் சல்லடை வழியாக அழுக்குத்தண்ணீர் மேலே ஏறுகிறது. நல்ல தண்ணீர் இருக்கவேண்டிய மேல்தொட்டியோ காலி. அழுத்தம் ஏறினால்தானே 12 வோல்ட் பம்பு நிற்கும்? அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

பையன்மேல் தப்பில்லை. வினைத்தொகையின் வேலை அது. ஊறுகாய் ஊறிய காயா, ஊறும் காயா என்று யாரும் கேட்பதில்லை. எதுவானாலும் சோற்றுக்கு ஆகும். கழுவிய நீரா, கழுவும் நீரா என்பது இங்கே கேட்டே ஆகவேண்டிய கேள்வி. கழுநீர் என்ற பழைய சொல்லும் ஆகாது. அது கழனித்தண்ணி, மாடு குடிப்பது. நம் தொட்டியில் இருப்பதோ சோப்பு நுரை.

என் முன்மொழிவு: இருப்புநீர், கழுவல்நீர், மலநீர். வடித்தது வடியல், கழுவியது கழுவல். காலம் முடிந்துவிட்டது, குழப்பமில்லை. இருப்புநீர் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும், நல்லதா கெட்டதா என்று வாக்குக் கொடுக்காது. தொப்பூர் கணவாயில் இறங்குமுன் ஓட்டுநர் பார்க்கவேண்டியதும் அந்த அளவைத்தான். லிட்டருக்கு ஒரு கிலோ. பாதித் தொட்டி என்றால் வளைவில் அலைமோதும் வேறு.

> இருப்புநீர், கழுவல்நீர் இரண்டும் எனக்குச் சம்மதம். மலநீர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்த விடமாட்டார்கள்.

கழிப்பறைநீர்? நீளம்தான். ஸ்டிக்கரில் இடம் இருக்கிறதா என்று அக்கா மகனைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.