டஃபோடிலில் இலை மட்டும் செழிக்கிறது, பூவைக் காணோம்: கிழங்குகளைக் காப்பாற்ற வழி உண்டா?

லெஸ்டர் தோட்டக்காரி, 27 மார்ச் 2023

வணக்கம். எங்கள் வீட்டுப் பின்புற வேலியோரத்தில் உள்ள டஃபோடில் கிழங்குகள் 2012-இல் என் கணவர் நட்டவை. அவர் இப்போது இல்லை. முதல் ஐந்தாறு ஆண்டுகள் மார்ச் வந்தால் அந்த மூலை முழுக்க மஞ்சளாக இருக்கும். பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. இப்போது இலைகள் முழங்கால் உயரம் நிற்கின்றன. பூ மொத்தமே இரண்டு. பக்கத்து வீட்டில் பூத்துக் குலுங்குவதால் குளிர் போதவில்லை என்றும் சொல்வதற்கில்லை. கிழங்குகளைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு சந்தேகம்: தொட்டியில் டெட்-அ-டெட் என்ற குட்டை டஃபோடில் வகை வைத்திருக்கிறேன். அதையும் இதையும் சேர்த்துப் புது வகை உண்டாக்க முடியுமா?

மண்வெட்டி, 27 மார்ச்

அக்கா, எறிந்துவிடாதீர்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். பூ முடிந்ததும் இலைகளை என்ன செய்வீர்கள்? கிழங்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? இடையில் எப்போதாவது பிரித்து நட்டீர்களா?

லெஸ்டர் தோட்டக்காரி, 28 மார்ச்

புல் வெட்டும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று ஏப்ரலில் இலைகளை முடிச்சுப் போட்டு ரப்பர் வளையம் மாட்டிவிடுவேன். இரண்டு வாரத்தில் அறுத்தும் விடுவேன். பிரித்து நட்டதே இல்லை. ஆழம் தெரியவில்லை, சில கிழங்குகளின் கழுத்து மண்ணுக்கு மேலேயே தெரிகிறது.

மண்வெட்டி, 28 மார்ச்

காரணம் கிடைத்துவிட்டது. ஸ்பால்டிங் பக்கத்துப் பூ வயல்களில் ஏழு பருவம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டஃபோடிலுக்கு இலைதான் சோறு. அடுத்த மார்ச்சில் விரியப்போகும் பூவின் மொட்டு, இந்த மே, ஜூன் வாக்கில் கிழங்குக்குள்ளேயே உருவாகிவிடும். அந்த நேரத்தில் இலையை அறுத்தாலோ, முடிச்சுப் போட்டு வெயில் படாமல் செய்தாலோ கிழங்கு பட்டினி கிடக்கும். உயிரைப் பிடித்துக்கொண்டு இலை விடும், பூ விடாது. பதினொரு ஆண்டு பிரிக்காததால் கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டும் இருக்கும்.

இந்த ஆண்டு இலையைத் தொடவே வேண்டாம். பூ முடிந்து குறைந்தது ஆறு வாரமாவது நிற்கட்டும். தானாகப் பழுத்துச் சாய்வது இன்னும் நல்லது. வாடிய பூவை மட்டும் கிள்ளிவிடுங்கள், சத்து விதைக்குப் போகாது. மண் காய்ந்தால் தண்ணீர் விடுங்கள். தக்காளிச் செடிக்கு ஊற்றும் பொட்டாஷ் மிகுந்த திரவ உரத்தையும் கொடுங்கள். ஜூனில் இலை மஞ்சளானதும் தோண்டுங்கள். கையுறை அவசியம், சாறு பட்டால் தோல் அரிக்கும்.

டெட்-அ-டெட் உதவாது, அது மலட்டு வகை. வேறு வகை வேண்டும்.

கென்ட் வாசி, 29 மார்ச்

தோண்டும்போது ஒவ்வொரு கிழங்கின் கழுத்தையும் அழுத்திப் பாருங்கள். நார்சிசஸ் ஈ என்று ஒன்று உண்டு. பார்க்கக் குட்டி வண்டுத்தேனீ போல இருக்கும். கோடை தொடக்கத்தில் வாடும் இலையின் அடியில் முட்டையிடும். அதன் புழு கிழங்குக்குள் புகுந்து தின்றுவிடும், கழுத்து அமுங்கும். என் தோட்டத்தில் பாதிக் கிழங்குகள் அப்படித்தான் போயின.

லெஸ்டர் தோட்டக்காரி, 18 ஜூன் 2023

இன்று தோண்டினேன். மண்வெட்டியால் நெம்பியதும் பூண்டுக் குலை போல ஒரே கட்டியாக வந்தது. உதிர்த்து எண்ணினால் எழுபத்துநான்கு! பல கிழங்குகள் பக்கத்துக் கிழங்கு நெருக்கியதில் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டன. ஒன்பது கிழங்குகள் கழுத்தில் அமுங்கின. ஒன்றைக் குறுக்கே வெட்டினேன். நடுவில் குருத்து இருக்க வேண்டிய இடத்தில் சேறு போலப் பழுப்புக் கழிவு. அதற்குள் அழுக்கு வெள்ளை நிறத்தில் ஒரே ஒரு கொழுத்த புழு. இன்னும் நான்கின் அடித்தட்டு செம்பழுப்பாக மெத்தென்று இருக்கிறது.

மண்வெட்டி, 18 ஜூன்

அந்த நான்கும் அடியழுகல், மண்ணில் தங்கும் பூஞ்சைநோய். பதிமூன்றையும் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மற்றவற்றை வலைப்பையில் போட்டுக் காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். செப்டம்பரில் வேறு இடத்தில் நடுங்கள். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம், இடையே ஒரு கையகல இடைவெளி. சின்னவை பூக்க ஓரிரு ஆண்டு கூடுதலாகும்.

லெஸ்டர் தோட்டக்காரி, 21 மார்ச் 2024

தம்பி, நட்ட அறுபத்தொன்றில் இருபத்துமூன்று பூத்திருக்கின்றன! அதே அடர்மஞ்சள், அதே பெரிய குழல். காலையில் ஜன்னல் திரையை விலக்கியதும் அழுதுவிட்டேன்.

பக்கத்து வீட்டில் வெள்ளை இதழும் ஆரஞ்சுக் கிண்ணமும் கொண்ட வகை இருக்கிறது. கேட்டேன், மகிழ்ச்சியோடு தருகிறார்கள். எப்படிச் சேர்ப்பது?

மண்வெட்டி, 21 மார்ச்

மனம் நிறைந்தது அக்கா. உங்கள் பூ விரியும் தறுவாயில் அதன் ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியால் கிள்ளி எடுத்துவிடுங்கள். ஓரிரு நாளில் சூலகமுடி, அதாவது பூவின் நடுத்தண்டின் நுனி, பிசுபிசுக்கும்போது வெள்ளைப் பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவுங்கள். எந்தப் பூ என்று தெரிய நூல் கட்டுங்கள். அந்தப் பூவை மட்டும் கிள்ளக் கூடாது. விதைப்பை பழுத்து வெடிக்கும் முன் கறுத்த விதைகளை எடுத்து உடனே தொட்டியில் விதையுங்கள். முதல் பூ பார்க்க ஐந்து ஆண்டாவது ஆகும்.

லெஸ்டர் தோட்டக்காரி, 14 ஏப்ரல் 2024

மூன்று பூவுக்குச் சிவப்பு நூல் கட்டினேன். இரண்டு வாடி உதிர்ந்தன. மூன்றாவதில் இதழ்களுக்குக் கீழே பச்சை உருண்டை சுண்டைக்காய் அளவுக்குப் பருத்திருக்கிறது.