கடற்கரைத் தெருக் குடும்பக் குழுவில் ரியாஸின் ஈட்டித் துப்பாக்கி

ரியாஸ் (துபாய்): அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் கழிந்து ஊருக்கு வருகிறேன். நாத் அல் ஷீபாவில் இருக்கும் 60 மீட்டர் ஆழக் குளத்தில் மூச்சடக்கி முங்கும் பயிற்சியை முடித்துவிட்டேன். வரும்போது நீருக்குள் மீனைக் குத்தும் ஈட்டித் துப்பாக்கி ஒன்று வாங்கி வரலாம் என்று இருக்கிறேன். நம் ஊருக்கு எதிரே முல்லித் தீவு, அப்பா தீவுப் பக்கம் கலவாயும் விளமீனும் கிடைக்கும் அல்லவா? சாச்சாவின் வள்ளத்தில் போய் வரலாம். யார் யார் வருகிறீர்கள்?

இம்ரான்: ரியாஸ் காக்கா, முதல் ஆள் நான்.

ஜமால் மாமா: வ அலைக்குமுஸ்ஸலாம். ஊருக்கு வா, கடலுக்கும் போ, ஆனால் நீ பெயர் சொன்ன இரண்டு தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை என்பதை மறந்துவிட்டாய். தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 1986-இல் அரசு பூங்காவாக அறிவித்தது. அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைவதே குற்றம் என்னும்போது, ஈட்டியோடு போகிறவனை வனத்துறைப் படகு சும்மா விட்டுவிடுமா? பிடிபட்டால் உன் பயணம் மட்டும் கெடாது, வள்ளமும் போகும்.

ரியாஸ்: மாமா, சட்டத்தை ஒப்புக்கொள்கிறேன். நியாயம் என்று பார்த்தால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. விசைப்படகின் இழுவை மடி வலை அடித்தரையை வாரிக்கொண்டு போகிறது. குஞ்சும் சினையும் பாசியும் அதில் ஒன்றாக வந்து சேர்கின்றன. நானோ ஒரு மூச்சில் இறங்கி, கண்ணால் பார்த்து, எனக்கு வேண்டிய ஒரு மீனை மட்டும் எடுக்கிறேன். இதைவிடக் கடலுக்குக் குறைவான கேடு செய்யும் மீன்பிடிப்பு உண்டா?

ஜமால் மாமா: பாதி சரி. ஈட்டியில் வேண்டாத மீன் சிக்காது என்பது உண்மை. ஆனால் ஈட்டிக்காரன் தேர்ந்தெடுப்பது எதை? இருப்பதிலேயே பெரியதை. கலவாய் இனத்தில் பெரும்பாலானவை முதலில் பெண்ணாக முதிர்ந்து, வயதும் உடலும் பெருத்த பிறகே ஆணாக மாறுகின்றன. ஒரு பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், இருக்கும் பெரிய கலவாயை நீ குத்தி எடுத்தால், பல நேரம் அங்கே இருந்த ஒரே ஆணை எடுத்துவிட்டாய் என்று பொருள். கிளிமீனும் அப்படித்தான், போதாக்குறைக்கு, பவளத்தின் மேல் படரும் பாசியைக் கொறித்துச் சுத்தம் செய்கிற மீன் அது. ஆள் உயரத்துக்கு வளரும் பெருங்கலவாயை 2001-இலேயே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். அந்த அட்டவணை உயிரை வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. கலங்கிய நீரில், ஒரு நொடியில், எது எந்தக் கலவாய் என்று உன்னால் பிரித்துச் சொல்ல முடியுமா?

ஜமால் மாமா: இன்னொன்று. அதே பூங்காவைச் சேர்ந்த பூவரசன்பட்டித் தீவு இப்போது நீருக்கு மேல் இல்லை. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளக்கல்லை வெட்டி வெட்டி எடுத்த காலம் இந்தக் கரைக்கு உண்டு. அப்போதும் ஒவ்வொருவரும் கொஞ்சம்தானே எடுக்கிறோம் என்றுதான் எடுத்தார்கள்.

பர்வீன்: வாப்பா, அதாவது உங்கள் சாச்சா, என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

«ரியாஸ், நான் சங்கு குளித்த காலத்தில் எங்களிடம் இருந்தது ஒரு கண்ணாடி, காலில் கட்டிய அலுமினியத் தகடு, இடுப்பில் ஒரு வலைப்பை, அவ்வளவுதான். நீ துடுப்புக்காலும் ரப்பர் உடையும் போட்டுக்கொண்டு இறங்குவாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை, கொஞ்சம் பொறாமைதான். சங்கு மணலுக்குள் புதைந்து கிடக்கும், நுனி மட்டும் வெளியே தெரியும். அது ஊர்ந்துபோன கோடு மணலில் இருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் சங்கு. அந்தக் கோட்டைப் பார்க்கக் கடல் தெளிந்திருக்க வேண்டும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கலங்கிக் கிடக்கும், அப்போது இறங்கிப் பயன் இல்லை. வாடை ஓய்ந்து, கச்சான் கிளம்புவதற்கு முன்னால் உள்ள மாசி, பங்குனிதான் நல்ல காலம். பெருநாள் கழிந்து உடனே வந்தால் உனக்குக் கடல் கிடைக்கும், தள்ளிப்போட்டால் கிடைக்காது.

எவ்வளவு நேரம் மூச்சடக்குகிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. மேலே உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று மட்டும் சொல். எங்கள் வள்ளத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கியதே கிடையாது. ஆள் தலை தெரிகிறதா என்று எண்ணிக்கொண்டிருக்க ஒருவன் மேலே இருப்பான். சளி பிடித்தவன் அன்றைக்கு வள்ளத்தை விட்டு இறங்கமாட்டான். மூக்கைப் பிடித்து ஊதியும் காது திறக்காமல் கீழே போனவர்கள்தான் இன்றைக்கு ஊரில் காது மந்தமாகி, ‘என்ன, என்ன’ என்று கேட்டுக்கொண்டு திரிகிறார்கள்.»

ரியாஸ்: சாச்சா, பார்த்துக்கொள்ள இம்ரான் இருக்கிறான்.

சாரா ராத்தா (மதுரை): இம்ரானுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று தெரியுமா? மருத்துவராக நான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

மூச்சு முட்டுகிறது என்று நமக்கு உணர்த்துவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, இரத்தத்தில் சேரும் கரியமில வாயுதான். முங்குவதற்கு முன் வேகவேகமாக ஆழமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு வெளியேறிவிடும். ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. அதனால் மூச்சு முட்டும் உணர்வு தள்ளிப்போகும், அந்த உணர்வு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ‘அடடா, இன்றைக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது’ என்று தோன்றும்போதே நினைவு தப்பிவிடும்.

இரண்டாவது, ஆபத்து அடியில் இருப்பதைவிட ஏறி வரும்போதுதான் அதிகம். 10 மீட்டர் ஆழத்தில், அதாவது சாச்சா கணக்கில் ஏறக்குறைய ஐந்தரைப் பாகத்தில், அழுத்தம் மேலே உள்ளதைப்போல் இரண்டு மடங்கு. நுரையீரலில் ஆக்சிஜன் எட்டு விழுக்காடாகக் குறைந்துவிட்டாலும், அந்த அழுத்தத்தில் அது மேலே 16 விழுக்காடு இருப்பதற்குச் சமமாக வேலை செய்யும். மூளை தெளிவாகவே இருக்கும். அதே மூச்சோடு மேலே வந்தால் அழுத்தம் பாதியாகி, எட்டு எட்டாகவே நிற்கும், ஆள் மயங்கிவிடுவான். நீருக்கு மேல் தலையை நீட்டி, கையசைத்துவிட்டு, அதன் பிறகு மயங்குகிறவர்களும் உண்டு. ஈட்டி வேட்டையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் மீன் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் விட்டுவிட்டு வர மனம் வராது.

இம்ரான்: ராத்தா, அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும்?

சாரா ராத்தா: ஒருவர் இறங்கும்போது மற்றவர் மேலே நீரில் இருக்க வேண்டும், இருவரும் சேர்ந்து இறங்கக் கூடாது. அவர் ஏறி வந்த பிறகும் அரை நிமிடம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரு. உதடு நீலம் பாய்ந்தாலோ, தலை ஆடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே பிடித்துக்கொள். மயங்கிவிட்டால் முகத்தை நீருக்கு மேலே நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தில் தட்டி, கண்ணருகே ஊதி, பெயர் சொல்லி மூச்சு விடச் சொல். பெரும்பாலும் அதிலேயே தெளிந்துவிடுவார்கள். தெளியாவிட்டால் வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதி, வள்ளத்தில் ஏற்ற வேண்டும். முங்கிய நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது மேலே ஓய்வு எடுத்த பிறகே அடுத்த முறை இறங்க வேண்டும். எடைக்காக ஈயம் கட்டிய இடுப்புப்பட்டை ஒரே இழுப்பில் கழன்று விழ வேண்டும். நோன்பு நாளில் இதெல்லாம் கூடவே கூடாது.

ரியாஸின் உம்மா: நான் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். எனக்கு மீன் வேண்டுமென்றால் ஏலத்தில் வாங்கிக்கொள்கிறேன். ஈட்டி இந்த வீட்டுக்குள் வரக் கூடாது.

ரியாஸ்: சரி உம்மா. துப்பாக்கியை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். முங்குவதற்கு மட்டும் அனுமதி உண்டா, சாச்சா?

பர்வீன்: வாப்பா சொல்கிறார்கள்: «பூங்கா எல்லைக்கு வெளியே, மூன்று நான்கு பாகத்தில் மணல் திட்டும் சிறு பாரும் உள்ள இடம் எனக்குத் தெரியும். காலையில் காற்று எழுவதற்கு முன் போய்விட்டு வந்துவிடலாம். தனுஷ்கோடிப் பக்கம் யாரும் ஆசைப்பட வேண்டாம், அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். மிதவையில் கொடி கட்டி வர வேண்டும். விசைப்படகுக்காரனுக்கு நீருக்குள் தலை இருப்பது தெரியாது. இடுப்பில் கத்தியும் வேண்டும், அறுந்துபோன வலை எந்தப் பாரில் கிடக்கும் என்று சொல்ல முடியாது.»

ரியாஸ்: மிதவை, கொடி, கத்தி மூன்றும் வாங்கி வருகிறேன். இம்ரான், உனக்குக் கண்ணாடி ஊரிலேயே வாங்கிவிடு. நீச்சல் கண்ணாடி வேண்டாம், மூக்கையும் மூடுவதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தத்தில் கண் சிவந்துவிடும், மூக்கால் ஊதிச் சரிசெய்யவும் வழி இருக்காது. வார் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்துப் பார். கையை எடுத்த பிறகும் விழாமல் நின்றால் அது உன் முகத்துக்குச் சரி.

இம்ரான்: மீசை இருந்தால் நிற்குமா, காக்கா?

ரியாஸ்: மீசை வழியாகத் தண்ணீர் கசியும். கொஞ்சம் வாசலின் தடவிக்கொள், அல்லது எடுத்துவிடு.

பர்வீன்: வாப்பாவும் உங்களோடு இறங்குவார்களாம், இரண்டு பாகத்துக்கு மேல் போகமாட்டேன் என்று சாரா ராத்தாவிடம் சொல்லச் சொல்கிறார்கள். பார்வைக் குறைக்கு ஏற்ற வில்லை போட்ட கண்ணாடி துபாயில் கிடைக்குமா?

சாரா ராத்தா: முதலில் சாச்சாவின் இரத்த அழுத்தத்தை அளந்து எனக்கு அனுப்பு. காதையும் நெஞ்சையும் நான் ஊருக்கு வந்து பார்க்கிறேன். அதற்குப் பிறகு ரியாஸ் கண்ணாடி வாங்கட்டும்.

ரியாஸ்: கிடைக்கும். ராத்தா சம்மதித்ததும் சாச்சாவின் கண் மருத்துவச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பிவிடு, பர்வீன்.