அனுபவப் பகிர்வு: முன்னாள் ராணுவத்தினர் நடத்தும் பெட்ரோல் பங்க்

குடியாத்தத்துக்காரன்:
2021 நவம்பர் 3, தீபாவளிக்கு முந்தைய இரவு; கலால் வரிக் குறைப்புச் செய்தி வந்த அதே இரவுதான். எங்கள் ஊர் பங்க் உரிமையாளர் மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘மிலிட்டரி ஐயா’. பத்து மணிக்குக் காரை நிறுத்தி, டீசல் டேங்கை நிரப்பச் சொன்னேன். கல்லாவில் இருந்த ஐயாவே எழுந்து வந்து, “காலையில் லிட்டருக்குப் பத்து ரூபாய் குறைகிறது தம்பி, இப்போது இருநூறு ரூபாய்க்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். முன்பணம் கட்டி வாங்கிய 12,000 லிட்டர் டீசலை அன்று மாலைதான் இறக்கியிருந்தார்கள் என்பதும், விடிந்தால் அதில் 1,20,000 ரூபாய் நட்டம் என்பதும் பம்ப் பையன் சொல்லித்தான் எனக்குப் பிறகு தெரியும். மறுநாள் மாமனார் ஊருக்குப் புறப்பட்ட அவசரத்தில், நெடுஞ்சாலையில் முதலில் எதிர்ப்பட்ட வேறொரு பங்க்கில் டேங்கை நிரப்பிக்கொண்டேன். அடுத்த வாரம் பார்த்தபோது அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அளவுகோல்:
நண்பர் பாதிக் கணக்கைத்தான் எழுதியிருக்கிறார். விலை ஏறும் நாளில், அதே தொட்டியில் கிடக்கும் பழைய சரக்கு விடிவதற்குள் லாபமாக மாறுவதை ஏனோ யாரும் எழுதுவதில்லை. அதோடு, முன்னாள் ராணுவத்தினர் உள்ளிட்டோருக்கான 8 விழுக்காடு ஒதுக்கீட்டில் கிடைக்கும் பங்க் அது. என் அனுபவம் சிறியது: அளவு குறைகிறது என்று ஒருமுறை நான் கத்தியபோது, எங்கள் ஊர் முன்னாள் சுபேதார் ஒரு வார்த்தையும் பேசாமல், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் கலத்தைக் கொண்டுவந்து பிடித்துக் காட்டினார், எண்ணெய் கோட்டில் வந்து நின்றது. அதற்காக எல்லா இடத்திலும் நம்பிவிடாதீர்கள். மீட்டரில் சுழியம் வந்த பிறகே குழாயை எடுக்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் அளவுக் கலத்தைக் கேளுங்கள். ஐந்து லிட்டரில் 25 மில்லி வரைதான் கூடக்குறைய இருக்கலாம். பெட்ரோலில் கலப்படம் என்று தோன்றினால் வடிதாளில் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள், ஆவியான பின் கறை மிஞ்சக்கூடாது. இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. உரிமையாளர் எந்தப் படையில் இருந்தார் என்பது அதற்குத் தேவையில்லை.

குடியாத்தத்துக்காரன்:
விலை ஏறும்போது லாபம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அன்றிரவு அவர் பேசாமல் டேங்கை நிரப்பி அனுப்பியிருந்தாலும் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது என்பதைத்தான் சொன்னேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
அளவுகோல் அவர்களே, அந்த ஒதுக்கீட்டில் முதல் வரிசை, போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் பணியில் உறுப்பு இழந்தவர்களுக்கும் உரியது. அது ஒருபுறம் இருக்கட்டும். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், பள்ளிக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தோடு ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனால், பெட்ரோல் பம்ப்பைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. “மழைக்குப் பயந்து கடையை மூடும் பட்டாளத்துக்காரரை இன்றுதான் பார்க்கிறேன்” என்று, நாலு பேர் காதில் விழும்படியே சொன்னேன். பங்க் உரிமையாளர் பதில் சொல்லாமல், தொட்டியின் அடியிலிருந்து எடுத்த கண்ணாடிப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலே பெட்ரோல், கீழே இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கலங்கலான இன்னொரு நீர். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால், உள்ளே இறங்கிய மழைநீரை இழுத்துக்கொண்டு இப்படி அடியில் தங்கிவிடும் என்றும், அதைப் போட்டால் வண்டி பாதி வழியில் நின்றுவிடும் என்றும், பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் சொன்னார். கணுக்கால் தண்ணீரிலிருந்து அவர் வெறுங்காலோடு படியேறியபோதுதான், இடது பாதத்தில் இரண்டு விரல்கள் இல்லாததைப் பார்த்தேன். சியாச்சின் பனியில் போனவை என்று தலைமையாசிரியர் பிறகு சொன்னார். நான் ‘சரிங்க ஐயா’ என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே பள்ளிக்குப் போனேன்.