பூஸ்ட் கேஜ்: ஏற்றழுத்தமானி என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்,

டர்போ காரில் தனியாக வாங்கிப் பொருத்துகிற பூஸ்ட் கேஜுக்கு இந்த இழையில் ஊக்கமானி, மிகையழுத்தமானி, திணிப்பழுத்தமானி, உந்தழுத்தமானி என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. சொற்பட்டியலில் வைத்துப் பார்த்தால் நான்குமே பரவாயில்லை. அந்தக் கருவியை மாட்டுவதற்கான குறிப்பை முழுக்கத் தமிழில் எழுதிப் பார்த்தால்தான் எது இடறுகிறது என்று தெரிகிறது. என் வாதம் முழுவதும் இந்தச் சோதனையை வைத்துத்தான்.

கருவி எதைக் காட்டுகிறது என்பதில் முதலில் தெளிவாகிவிடுவோம். டர்போவில், புகைபோக்கி வழியே வெளியேறும் வாயு சுழலியைச் சுழற்றுகிறது. அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் அமுக்கி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. எஞ்சினின் காற்றுப் பன்வழிக்குழாயில் (இன்டேக் மேனிஃபோல்ட்) இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதே பூஸ்ட். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1.01 பார், அதாவது 14.7 பிஎஸ்ஐ. முள் 0.8 பார் காட்டினால் குழாயின் உள்ளே உண்மையில் இருப்பது சுமார் 1.8 பார். இந்த மொத்த அழுத்தத்துக்குத் 'தனி அழுத்தம்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. வண்டியோடு வரும் மேப் சென்சார் அளப்பது இதைத்தான். எஞ்சின் ஓடாதபோதும் அது 100 கிலோபாஸ்கல் அளவில் காட்டுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது வெளிக்காற்றின் அழுத்தம்தான், கோளாறு ஒன்றும் இல்லை.

> ஊக்கமானி சுருக்கமாக இருக்கிறதே, அதையே வைத்தால் என்ன?

சுருக்கம் சரி, ஆனால் அளக்கப்படும் பொருளே பெயரில் இல்லை. ஊக்கமருந்து, ஊக்கத்தொகை என்று வேறு பக்கம் போய்விட்ட சொல் அது.

> மிகையழுத்தம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்.

அதுதான் சிக்கல். 'மிகை' என்றால் வேண்டிய அளவைத் தாண்டியது. டர்போ எஞ்சினில் அப்படி ஒரு நிலை தனியாகவே இருக்கிறது: வேஸ்ட்கேட் (புகையின் ஒரு பங்கைச் சுழலிக்குள் விடாமல் திருப்பி அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் வால்வு) மூடிய நிலையில் சிக்கிக்கொண்டாலோ, அதற்குப் போகும் குழாய் கழன்றாலோ அழுத்தம் வரம்பு மீறி ஏறும். ஓவர்பூஸ்ட் என்பார்கள். பலர் இந்தக் கருவியை வாங்குவதே அதைக் கண்ணால் பார்ப்பதற்குத்தான். பூஸ்டையே மிகையழுத்தம் என்றுவிட்டால், "மிகையழுத்தமானி மிகையழுத்தம் காட்டினால் காலை எடுங்கள்" என்று எழுத வேண்டிவரும். கருவி சரியாக வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் காலை எடுக்க வேண்டியதுதான்!

திணிப்பு பற்றி ஒரு வரி போதும். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது எஞ்சின் அல்ல. உந்தழுத்தம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாடநூல்களில் உந்தம், உந்துவிசை இரண்டும் இயக்கவியலில் தம் இடத்தைப் பிடித்துவிட்டன. மாணவர் ஒருவர் உந்தழுத்தம் என்று படித்தால் ராக்கெட்டைத்தான் நினைப்பார்.

என் முன்மொழிவு ஏற்றழுத்தம், அதிலிருந்து ஏற்றழுத்தமானி. ஏற்று + அழுத்தம், வினைத்தொகை: ஏற்றிய, ஏற்றுகிற, ஏற்றும் அழுத்தம். ஓவர்பூஸ்ட்டை மிகை ஏற்றழுத்தம் எனலாம். பூஸ்ட் லீக் என்பது ஏற்றழுத்தக் கசிவு. மின்னேற்றம், மின்னேற்றி என்று சார்ஜுக்கு ஏற்கெனவே 'ஏற்று' வந்துவிட்டதால், டர்போசார்ஜர் சுழலேற்றி ஆவதும் இயல்பாக இருக்கிறது. குடும்பமாக வரும் சொற்கள் தனிச்சொல்லைவிடச் சீக்கிரம் பதியும்.

'மானி'க்குப் பதில் 'அளவி' வேண்டும் என்று சொன்னவருக்கு: வெர்னியர் அளவி, திருகு அளவி என்று நீளம், தடிமன் பார்க்கும் கருவிகளுக்கு அது பழகிவிட்டது. அழுத்தத்துக்குக் காற்றழுத்தமானி முன்னோடியாக இருக்கும்போது மானியை விடுவானேன்?

இனி சோதனை. குழாய் வகைக் கருவியைப் பொருத்தும் குறிப்பைச் சொல்லிப் பார்க்கிறேன்:

"திராட்டில் தகட்டுக்கும் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு) எஞ்சினுக்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து புறப்படும் சிறிய ரப்பர் குழாய் ஒன்றைத் தேர்ந்து, அதை வெட்டி டி-இணைப்பைச் செருகவும். அதன் மூன்றாவது வாயிலிருந்து மெல்லிய குழாயை, சூடான பாகங்களில் படாமலும் மடங்காமலும், எஞ்சின் அறைத் தடுப்பில் உள்ள ரப்பர் வளையம் வழியே உள்ளே கொண்டுவந்து ஏற்றழுத்தமானியின் பின்புறம் இணைக்கவும்."

இடறவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் எந்தக் குழாயை வெட்டக் கூடாது என்று சொல்லாமல் விட்டால் குறிப்பு ஆபத்தாகிவிடும். வேஸ்ட்கேட்டுக்குப் போகும் குழாயில் கைவைக்கக் கூடாது: அங்கே ஒரு சிறு கசிவு வந்தாலும் வேஸ்ட்கேட்டுக்கு அழுத்தம் குறைவாகத் தெரியும், ஏற்றழுத்தம் தானாக உயரும். பிரேக் பூஸ்டர் குழாயையும் விட்டுவிடுவது நல்லது. அதில் ஒருவழி வால்வு இருக்கிறது. வால்வுக்கு அப்பால் இணைத்தால், டர்போ எவ்வளவு ஏற்றினாலும் முள் வெற்றிடத்திலேயே நிற்கும். அதைவிட, பிரேக்குக்கு உதவும் குழாயில் விளையாடாமல் இருப்பதே புத்தி. (பிரேக் பூஸ்டரும் ஒரு 'பூஸ்டர்'தான், ஆனால் அது வேலை செய்வது வெற்றிடத்தில். பூஸ்ட் என்ற சொல்லை மட்டும் பார்த்துத் தமிழாக்கினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.)

டி-இணைப்பில் காற்று கசிந்தால் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது) எஞ்சின் ஏறி இறங்கித் தடுமாறும். காற்றின் அளவைப் பார்க்கும் சென்சாரைத் தாண்டி உள்ளே நுழையும் காற்று கணக்கில் வராது என்பதே காரணம். முள் துடித்துக்கொண்டே இருந்தால் குழாயில் நுண்துளை உள்ள சிறு அடைப்பான் ஒன்றைச் செருகினால் அடங்கும். மானியை முன்கண்ணாடித் தூணில் மாட்டுகிறவர்கள் அங்கே காற்றுப்பை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனையில் என் சொல்லும் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. கருவியில் இரண்டு வகை. ஒன்றில் பன்வழிக்குழாயின் அழுத்தமே மெல்லிய குழாய் வழியாக மானிக்கு வரும். உள்ளே இருக்கும் வளைந்த தட்டைக் குழல் அழுத்தம் கூடக்கூட நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற அதே ஏற்பாடு. இன்னொன்றில் சென்சார் எஞ்சின் பக்கமே இருந்துவிடும், உள்ளே வருவது கம்பி மட்டும். இதை எலக்ட்ரிக் பூஸ்ட் கேஜ் என்கிறார்கள். அதை அப்படியே 'மின் ஏற்றழுத்தமானி' என்றால், பக்கத்திலேயே மாட்டியிருக்கும் வோல்ட்மீட்டருக்கு நாம் வைத்த 'மின்னழுத்தமானி'யோடு குழம்பும். இரண்டையும் ஒரே கூட்டில் மாட்டுவது சாதாரணம் என்பதால் இது வெறும் ஏட்டுச் சிக்கல் இல்லை. எனவே 'மின்' வேண்டாம். குழாய் வகை, உணரி (சென்சார்) வகை என்று பிரித்தால் போதும். பொருத்துகிறவருக்கும் உள்ளே எதைக் கொண்டுவர வேண்டும் என்று பெயரிலேயே தெரிந்துவிடும்.

> முள் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகிறதே, அப்போது ஏற்றம் எங்கே இருக்கிறது?

நியாயமான எதிர்ப்பு. பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் பாதரச அளவில் 18–20 அங்குல வெற்றிடம் காட்டும். பல கருவிகளில் பூஜ்யத்துக்கு ஒருபுறம் பாதரச அங்குலம், மறுபுறம் பிஎஸ்ஐ என்று அலகே மாறிவிடுகிறது. டீசலில் பொதுவாக இந்த வெற்றிடம் இல்லாததால் முள் ஐடிலில் பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கும். பெயர் மேல்பாதிக்கு மட்டும்தான் பொருந்துகிறது என்பது உண்மை. ஆனால் இந்தக் கருவியைத் தேடி வாங்குவது மேல்பாதிக்காகத்தான். கீழ்ப்பாதியை 'வெற்றிடப் பகுதி' என்று குறிப்பிட்டுவிட்டால் குழப்பம் வராது. பெயருக்குள்ளேயே இரண்டையும் திணித்தால் (மேலே வேண்டாம் என்ற சொல் இங்கே வந்துவிட்டது) யாரும் சொல்லமாட்டார்கள்.

வேஸ்ட்கேட்டுக்குக் 'கழிவுக்கதவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கழிவை வெளியேற்றுவதில்லை. புகையின் ஒரு பங்கைச் சுழலிக்குள் விடாமல் சுற்றுவழியில் திருப்புகிறது, அவ்வளவுதான். சுற்றுவழி வால்வு, திருப்புவால்வு இரண்டையும் யோசித்தேன். ஆனால் அமுக்கியின் பக்கம் இருக்கும் பைபாஸ் வால்வுக்கும் அதே பெயர்கள் பொருந்தித் தொலைக்கின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அதுவரை என் குறிப்புகளில் வேஸ்ட்கேட் என்றே போடுகிறேன்.