1817–18 அமெரிக்க நடுநிலைச் சட்டம்: யாருக்குச் சாதகமாக இயற்றப்பட்டது?

வரலாற்று மாணவி:

வணக்கம். முதுகலைப் பாடத்துக்காக இலத்தீன் அமெரிக்க விடுதலைப் போர்களைப் படித்து வருகிறேன். ஸ்பெயினின் காலனிகள் 1810 முதல் ஒவ்வொன்றாகக் கிளர்ந்தெழுந்தபோது அமெரிக்க ஐக்கிய நாடு நடுநிலை வகித்தது என்று பாடநூல் ஒரே வரியில் கடந்து விடுகிறது. ஆனால் அந்த நாட்டுக் காங்கிரஸில் 1817ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 1818 ஏப்ரல் வரை நடந்த விவாதங்களைப் பார்த்தால், நடுநிலை என்றால் என்ன என்பதிலேயே உறுப்பினர்களிடம் உடன்பாடு இல்லை என்று தெரிகிறது. சபாநாயகர் ஹென்றி கிளே, 1817ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்பெயின் மன்னரின் நலனுக்காகவே இயற்றப்பட்டது என்று சாடுகிறார். அவரை எதிர்த்த ஜார்ஜியா உறுப்பினர் ஜான் ஃபோர்சித், கிளே கேட்பதுதான் நடுநிலையை மீறுவதாகும் என்கிறார்.

தானே ஒரு காலத்தில் காலனியாக இருந்து மன்னரை எதிர்த்துப் போரிட்டு விடுதலை பெற்ற நாடு, அதே வழியில் போராடியவர்களுக்குக் கப்பல் கொடுத்து உதவுவோரைச் சிறையில் அடைக்கச் சட்டம் கொண்டுவந்தது எப்படி? இரு தரப்பையும் சமமாக நடத்துவதே நோக்கமாக இருந்ததா, அல்லது வேறு கணக்கு இருந்ததா? இந்தக் காலப் பகுதியை நன்கு படித்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மதுரை வழக்குரைஞர்:

சட்டத்திலிருந்த ஓர் ஓட்டையிலிருந்து தொடங்கினால்தான் இந்த விவாதம் விளங்கும்.

1793இல் பிரான்சும் பிரிட்டனும் போரிட்டபோது வாஷிங்டன் நடுநிலைப் பிரகடனம் வெளியிட்டார். பிரெஞ்சுக் கப்பலில் சேர்ந்து பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்த கிதியோன் ஹென்ஃபீல்டு என்ற மாலுமியின் மீது அதை வைத்து வழக்குத் தொடுத்தார்கள். நடுவர் குழு அவரை விடுதலை செய்துவிட்டது. வெறும் பிரகடனத்தை மீறியதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று புரிந்துகொண்ட பிறகுதான் 1794இல் காங்கிரஸ் முதல் நடுநிலைச் சட்டத்தை இயற்றியது. அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பலுக்கு ஆயுதம் பூட்டி, ஓர் அயல்நாட்டு மன்னரின் அல்லது அரசின் பணியில், அமெரிக்காவுடன் சமாதானமாக உள்ள இன்னொரு மன்னர் அல்லது அரசின் மீது தாக்குதல் நடத்த அனுப்புவது குற்றம் என்று அது கூறியது.

அந்தச் சட்டம் எழுதப்பட்ட நாளில் எல்லோர் மனத்திலும் இருந்தவை பிரான்சும் பிரிட்டனும்தான். 1816இல் நிலைமை வேறு. ஸ்பெயினை எதிர்த்துக் கிளர்ந்த பியூனஸ் அயர்ஸ் (இன்றைய அர்ஜென்டினா) அரசும், ஆர்த்திகாஸ் என்னும் கிழக்குக் கரை (இன்றைய உருகுவே) தலைவரும் உரிமப் பத்திரங்களை வழங்கினார்கள். அவற்றைப் பெற்ற தனியார் ஆயுதக் கப்பல்கள் (இனி உரிமக் கப்பல்கள் என்கிறேன்) எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைப் பிடித்து, சரக்கைப் பங்கிட்டுக்கொண்டன. அவற்றுள் பல அமெரிக்கத் துறைமுக நகரான பால்டிமோரில் கட்டப்பட்டவை. மாலுமிகளும் முதலீட்டாளர்களும் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள். பியூனஸ் அயர்ஸை அமெரிக்கா அங்கீகரிக்கவில்லை. அங்கீகரிக்கப்படாத ஒன்று சட்டத்தின் கண்ணில் மன்னரும் அல்ல, அரசும் அல்ல என்னும்போது, அதன் பணியில் செல்லும் கப்பலைப் பழைய சட்டத்தால் பிடிப்பது கடினமாகிவிட்டது.

ஆர்த்திகாஸை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த போர்ச்சுகலின் தூதர் கொரேயா த செர்ரா 1816 டிசம்பரில் இது பற்றி முறையிட்டார். சில நாள்களிலேயே, டிசம்பர் 26 அன்று, குடியரசுத் தலைவர் மேடிசன் புதிய சட்டம் வேண்டும் என்று காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார். அதன் விளைவாக வந்ததே 1817 மார்ச் 3ஆம் தேதிச் சட்டம். மன்னர், அரசு என்பவற்றோடு காலனி, வட்டாரம், மக்கள் கூட்டம் ஆகியவற்றையும் அது சேர்த்துக்கொண்டது. தண்டனை 10,000 டாலர் வரை அபராதமும் 10 ஆண்டு வரை சிறையும். இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே நடப்பிலிருக்கும் தற்காலிகச் சட்டம் அது.

கிளேயின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஸ்பெயின் மன்னரின் தூதர் ஓனிஸ் வாஷிங்டனில் இருந்துகொண்டு அரசிடம் நேரில் முறையிட முடிந்தது. கிளர்ச்சித் தரப்பின் முகவர்களைத் தூதர்களாக ஏற்க யாரும் இல்லை. ஸ்பெயினிடம் சொந்தக் கடற்படை இருந்தது. காலனிகளுக்கோ பால்டிமோர்க் கப்பல்களே கடற்படை. எனவே இரு தரப்புக்கும் ஒரே தடையை விதித்தாலும் அடி விழுவது ஒரு தரப்பின் மேல்தான் என்பது அவருடைய வாதம். 1817 டிசம்பரில் சபை கூடிய உடனேயே, காலனிகளுக்கு நியாயமான நடுநிலை கிடைக்க என்ன சட்டம் தேவை என்று விசாரிக்கக் குழுவைப் பணிக்கும் தீர்மானத்தை அவர் கொண்டுவந்ததும் இதனால்தான்.

ஆனால் காலனியையும் சட்டத்தில் சேர்த்தது இரு பக்கமும் வெட்டும் என்பதைக் கிளே போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் கருத்து. காலனியின் பணியில் தாக்குவது எப்படிக் குற்றமோ, அப்படியே காலனியின் மீது தாக்கக் கப்பல் அனுப்புவதும் இப்போது குற்றமாயிற்று. அதாவது, அதுவரை சட்டத்தில் இடமே இல்லாதிருந்த கிளர்ச்சியாளர்கள், போரிடும் ஒரு தரப்பாக அதில் இடம் பெற்றுவிட்டார்கள். இதே நிலைப்பாட்டைத்தான் 1817 டிசம்பர்ச் செய்தியில், மேடிசனுக்குப் பின் குடியரசுத் தலைவரான மன்றோவும் எடுத்தார்: இது சாதாரணக் கலகம் அன்று, ஏறத்தாழச் சம வலிமையுள்ள இரு தரப்புக்கிடையிலான உள்நாட்டுப் போர், நடுநிலை நாடுகளைப் பொறுத்தவரை இருவருக்கும் உரிமை ஒன்றே என்றார். மாட்ரிட் இதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வாய்ப்பே இல்லை.

1818 ஏப்ரல் 20 அன்று பழைய சட்டங்களை நீக்கி, எல்லாவற்றையும் ஒன்றாக்கி நிரந்தரச் சட்டம் வந்தது. கப்பலுக்கு ஆயுதம் பூட்டும் குற்றத்துக்குச் சிறைத் தண்டனை 10 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைந்தது. அதைக் கிளே தரப்பின் சிறு வெற்றி என்று கொள்ளலாம்.

கப்பற்கூடம்:

மேலே உள்ள பதிலுக்குத் துணையாக ஒரு வழக்கைச் சொல்கிறேன். சபையில் பேசியதற்கும் துறைமுகத்தில் நடந்ததற்கும் இருந்த தூரம் இதில் தெரியும்.

'மம்மத்' என்ற பால்டிமோர்க் கப்பல் 1812ஆம் ஆண்டுப் போரின்போது பிரிட்டிஷாருக்கு எதிராக உரிமக் கப்பலாக ஓடியது. போர் முடிந்ததும் வேலையற்று நின்ற இத்தகைய வேகமான கப்பல்களையும் அவற்றின் மாலுமிகளையும் என்ன செய்வது என்பது அந்த ஊர் வணிகர்களின் பெரிய கவலை. 1816 ஜனவரியில் அமெரிக்கக் கண்டத்தின் வடமேற்குக் கரைக்குப் போவதாகக் கூறி, ஜேம்ஸ் செய்ட்டர் என்பவரின் தலைமையில் அது புறப்பட்டது. போய்ச் சேர்ந்ததோ பியூனஸ் அயர்ஸ். அங்கே கப்பல் அந்த அரசுக்கு விற்கப்பட்டது. 'இண்டிபெண்டென்சியா தெல் சுத்' என்று பெயர் மாறியது. செய்ட்டரே அதன் தலைவராகத் தொடர்ந்தார். பிறகு பால்டிமோருக்குத் திரும்பி வந்து, ஆட்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு, மீண்டும் கடலுக்குப் போய் 'சாந்திசிமா திரினிதாத்' என்ற ஸ்பானியக் கப்பலைப் பிடித்தது. அந்தச் சரக்கின் ஒரு பகுதி வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்துக்கு வந்தபோது ஸ்பெயினின் துணைத்தூதர் வழக்குத் தொடுத்தார். வழக்குக்கு உட்பட்ட பொருள்கள்: 89 பொதி கொச்சினியல் என்னும் சிவப்புச் சாயப்பொருள், இரண்டு பொதி ஜாலப் எனும் பேதி மருந்து வேர், ஒரு பெட்டி வெனிலா.

உச்ச நீதிமன்றம் 1822இல் தீர்ப்பளித்தது. ஆயுதம் பூட்டிய கப்பலை அயல்நாட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டு போய் விற்பது வெறும் வணிகம். அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்றார் நீதிபதி ஜோசப் ஸ்டோரி. ஆனால் திரும்பி வந்து பால்டிமோரில் படை வலிமையைக் கூட்டிக்கொண்டது நடுநிலை மீறல். ஆகவே பிடித்த சரக்கு உரிமையாளருக்கே திரும்ப வேண்டும் என்று முடித்தார். சட்டத்தைப் படித்துப் பார்த்துவிட்டு எது வரை போகலாம் என்று கணக்கிடும் வணிகர்களுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடைத்திருக்காது.

கிளேயின் பேச்சில் விடுதலை வேட்கை நிறையவே உண்டு. ஆனால் பால்டிமோரில் இந்த வேட்கை இலாபத்தோடு கலந்தே இருந்தது. கிளர்ச்சியை ஆதரித்துப் பத்திரிகையில் புனைபெயரில் எழுதிய ஜான் ஸ்கின்னர் அந்த ஊரின் அஞ்சல் தலைவர். உரிமக் கப்பல்களிலும் அவருக்குப் பங்கு இருந்தது. அதே ஊரைச் சேர்ந்த தியோடரிக் பிளாண்டும் இந்தத் தொழிலோடு தொடர்புடையவர் என்ற குறை அப்போதே எழுந்தது. அவரைத்தான் தென் அமெரிக்க நிலைமையை நேரில் அறிந்து வர மன்றோ அனுப்பிய மூவரில் ஒருவராகச் சேர்த்தார்கள். பூனைக்கும் தோழன் பாலுக்கும் காவல் என்பது இதுதான்.

வரலாற்று மாணவி:

இருவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. 1818 மார்ச்சில் பியூனஸ் அயர்ஸுக்குத் தூதர் அனுப்ப 18,000 டாலர் ஒதுக்கக் கிளே கொண்டுவந்த திருத்தம் 115க்கு 45 என்று தோற்றிருக்கிறது. பத்திரிகைகளில் கிளர்ச்சிக்கு அவ்வளவு ஆதரவு இருந்தும் இவ்வளவு பெரிய தோல்வி ஏன்?

பழஞ்சுவடி:

முதற்காரணம் ஃப்ளோரிடா. வெளியுறவுச் செயலர் ஜான் குயின்சி ஆடம்ஸ் அந்த நேரத்தில் ஃப்ளோரிடாவைப் பெறுவதற்காக ஓனிஸுடன் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். காலனிகளை அங்கீகரித்தால் பேச்சு முறியும் என்று அரசுத் தரப்பு உறுப்பினர்கள் அஞ்சினார்கள். உடன்படிக்கை 1819 பிப்ரவரி 22 அன்று கையெழுத்தான பிறகும் ஸ்பெயின் அதை உறுதி செய்யாமல் இழுத்தடித்தது. காலனிகளை அங்கீகரிக்க மாட்டோம் என்ற வாக்குறுதியையும் எதிர்பார்த்தது. ஒப்புதல்கள் பரிமாறப்பட்டது 1821 பிப்ரவரியில்தான். மன்றோ அங்கீகாரத்தைக் காங்கிரஸுக்குப் பரிந்துரைத்தது 1822 மார்ச் 8 அன்று. இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உங்கள் முதல் கேள்வியின் "வேறு கணக்கு" என்ன என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது அதிகாரப் பிரச்சினை. அயல்நாட்டுத் தூதரை ஏற்பதும் அனுப்புவதும் குடியரசுத் தலைவரின் வேலை. கேட்காமலேயே பணம் ஒதுக்கி, தூதர் அனுப்பும்படி அவரை மறைமுகமாக நெருக்குவது முறையா என்று பலர் தயங்கினார்கள். கிளே அதற்கு, செலவுக்குப் பணம் ஒதுக்கும் உரிமை சபைக்கு உண்டு, பணம் தயாராக இருக்கிறது என்று சொல்வது கட்டளை ஆகாது என்றார். வாதத் திறமையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் வெளியுறவுச் செயலர் பதவியை எதிர்பார்த்து, அது ஆடம்ஸுக்குப் போனதில் அவர் மனம் புண்பட்டிருந்தார் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். கொள்கை எது, மனக்கசப்பு எது என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலையில் நடுவில் நின்றவர்கள் அரசின் பக்கம் சாய்ந்தார்கள்.

போர்க்களமும் அப்போது தெளிவாக இல்லை. பியூனஸ் அயர்ஸ் தரப்பு 1816 ஜூலை 9 அன்று துக்குமானில் விடுதலையை அறிவித்திருந்தது. ஆனால் பெருவும் மெக்சிகோவும் ஸ்பெயினின் பிடியில் இருந்தன. வெனிசுவேலாவில் போர் இழுபறியாக இருந்தது. கிளே பேச எழுந்ததற்கு ஐந்து நாள் முன்பு, மார்ச் 19 அன்று, சிலியில் கஞ்சா ராயாதாவில் விடுதலைத் தரப்புத் தளபதி சான் மார்ட்டினின் படை சிதறியது. ஏப்ரல் 5 அன்று மைப்பூவில் அதே படை ஸ்பானியரை முறியடித்தது. இரண்டு செய்திகளும் வாஷிங்டனுக்கு வந்து சேரும் முன்பே வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. உறுப்பினர்கள் பல வாரப் பழைய செய்திகளை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருந்த காலம் அது.

1820 மே மாதத்தில், தென் அமெரிக்காவுக்குத் தூதர் அனுப்புவதை ஆதரித்த கிளேயின் தீர்மானம் 80க்கு 75 என்று வென்றது. மன்றோவின் பரிந்துரைக்குப் பின் 1822 மார்ச்சில் அங்கீகாரத்துக்கு ஆதரவாக 167 பேரும் எதிராக ஒரே ஒருவரும் வாக்களித்தனர். நான்கு ஆண்டில் சபையின் மனச்சாட்சி விழித்துக்கொண்டது என்று சிலர் எழுதுவதுண்டு. ஃப்ளோரிடா கைக்கு வந்ததும், ஸ்பெயின் களத்தில் தோற்றதும் அதைவிட எளிய விளக்கம்.

தென்கரை:

இதுவரை எல்லோரும் வாஷிங்டனிலிருந்தே பார்த்துவிட்டீர்கள். சட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும்.

'டிக்ரே', 'லிபர்தாத்' என்னும் இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் ஒரினோகோ ஆற்றில் முற்றுகையில் இருந்த ஸ்பானியருக்குப் பொருள் கொண்டுபோனதற்காக 1817இல் வெனிசுவேலாப் படையினரால் பிடிக்கப்பட்டன. இழப்பீடு கேட்டு அங்கோஸ்துராவுக்கு வந்த அமெரிக்க முகவர் பாப்டிஸ் இர்வினுக்கும் வெனிசுவேலா விடுதலைத் தலைவர் பொலிவாருக்கும் 1818இல் நடந்த கடிதப் போரைப் படித்துப் பாருங்கள். முற்றுகையிடப்பட்ட இடத்துக்கு ஆயுதம் கொண்டுபோகிறவன் நடுநிலை உரிமையைக் கோர முடியாது என்கிறார் பொலிவார். எங்களுக்கு உதவ நினைத்த அமெரிக்கர்களுக்கு 10 ஆண்டுச் சிறையும் 10,000 அபராதமும் விதிக்கும் சட்டத்தை இயற்றிவிட்டு, எதிரிக்குச் சரக்கு விற்றவருக்காக வாதாட வருகிறீர்களே என்று சட்டத்தின் எண்களை எடுத்துச் சொல்லியே மடக்குகிறார். அந்த எண்கள் 1817ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை. ஏப்ரலில் தண்டனை குறைந்துவிட்ட பிறகும் ஆகஸ்டில் அவர் பழைய கணக்கையே சொன்னார்.

இன்னொன்று, ஹெயிட்டி. காலனிகளின் விடுதலை என்று சபையே அதிரப் பேசிய காலத்தில், 1804 ஜனவரி 1 முதல் விடுதலை பெற்ற நாடாக இருந்த ஹெயிட்டியை அமெரிக்கா அங்கீகரிக்கவில்லை. அடிமைகளாக இருந்தவர்கள் போரிட்டு வென்ற நாடு அது. 1806இல் அந்த நாட்டுடன் வணிகம் செய்வதையே காங்கிரஸ் தடை செய்திருந்தது. அதைச் செனட்டில் கொண்டுவந்தவர் பென்சில்வேனியாவின் ஜார்ஜ் லோகன், கையெழுத்திட்டவர் ஜெஃபர்சன். கிளே, ஃபோர்சித் இருவருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள். நடுநிலை பற்றிய அவர்களுடைய சண்டையை இந்தப் பின்னணியின்றிப் படிக்கக் கூடாது.

மதுரை வழக்குரைஞர்:

தென்கரை ஹெயிட்டியைச் சொன்னதால் ஒரு தகவலைச் சேர்க்கிறேன். நான் முதலில் குறிப்பிட்ட சட்ட ஓட்டையை உச்ச நீதிமன்றமே உறுதிப்படுத்திய வழக்கு ஹெயிட்டியைப் பற்றியதுதான். அப்போது ஹெயிட்டியை இரண்டாகப் பிரித்து ஆண்டவர்கள் பெத்தியோனும் கிறிஸ்தோஃபும்; பெத்தியோனின் பக்கம் நின்று கிறிஸ்தோஃபுக்கு எதிராகப் போரிடச் செல்கிறது என்று கூறி 'அமெரிக்கன் ஈகிள்' என்ற கப்பலை 1810இல் நியூயார்க்கில் அதிகாரிகள் பிடித்து வைத்தார்கள். கப்பலின் உரிமையாளர் ஹோய்ட், அதிகாரிகள் மீதே இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். இருவரின் ஆட்சியையும் அமெரிக்க அரசு அங்கீகரிக்காத நிலையில், 1794ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவை அரசுகள் ஆகமாட்டா என்று 1818இல் தீர்ப்பானது. கிளேயும் ஃபோர்சித்தும் சபையில் மோதிக்கொண்டிருந்த அதே ஆண்டு. ஹெயிட்டிக்கு அங்கீகாரம் கிடைத்தது 1862இல், தென் மாநில உறுப்பினர்கள் காங்கிரஸை விட்டு வெளியேறிய பிறகு.

மாணவி தம் கட்டுரையில் பிரிட்டனையும் சேர்க்க விரும்பினால், 1819இல் அங்கே வந்த அயல்நாட்டுப் படைச்சேர்க்கைச் சட்டத்தின் விவாதத்தைப் பார்க்கலாம். பொலிவாரின் படைக்கு ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ், ஐரிஷ் வீரர்களைத் தடுப்பதே அதன் நோக்கம். வெளியுறவுச் செயலர் காசல்ரே அதை ஆதரித்தார். நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஜேம்ஸ் மாக்கின்டாஷ் கடுமையாக எதிர்த்தார். அதை நீக்கக் கோரி 1823இல் தீர்மானம் வந்தபோது, அப்போதைய வெளியுறவுச் செயலர் கானிங் அதை எதிர்த்துப் பேசி, நடுநிலைக்கு முன்மாதிரி வேண்டுமானால் வாஷிங்டன், ஜெஃபர்சன் காலத்து அமெரிக்காவையே எடுத்துக்கொள்வேன் என்றார்.