18 வயதுக்குப் பிறகு நம் பிள்ளைகள் எங்கே போவது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

என் மகனுக்கு இப்போது 24 வயது. ஆட்டிசம். வேண்டியதை இரண்டு மூன்று வார்த்தையில் சொல்வான், அவ்வளவுதான். 18 முடிந்ததும் ஸ்பெஷல் ஸ்கூலில், "இனிமேல் இங்கே வச்சுக்க முடியாதும்மா" என்றார்கள். அதன்பிறகு நான் ஏறி இறங்கிய தெரபி சென்டர்களில் எல்லாம் சுவர் முழுக்கக் குழந்தைகள் படம். நாற்காலிகூடச் சின்னது. ஆறடி உயரப் பையன் அதில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒன்றரை வருடம் வீட்டிலேயே இருந்தான். தூக்கம் போயிற்று. சின்ன வயதில் விட்டுப்போயிருந்த, தலையில் அடித்துக்கொள்ளும் பழக்கம் திரும்ப வந்தது. மாத்திரை கூடியது. காலையில் குளித்து, சட்டை போட்டுக் கிளம்பிப் போக ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவனுடைய பெரிய தேவை என்று எனக்கு உறைக்க அத்தனை நாள் ஆனது.

தொழிற்பயிற்சி மையம் ஒன்று அடையாறு பக்கம் இருப்பதாகத் தெரிந்தவர் சொன்னார். அங்கே பயிற்றுநர் கேட்ட முதல் கேள்வி, "அவருக்கு என்ன பிடிக்கும்?" அவருக்கு! என் பிள்ளையை யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. பஸ் பிடிக்கும் என்றேன். சரி, பஸ்ஸில் வருவதையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்.

பெரம்பூரிலிருந்து 29சி. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது; இல்லாவிட்டால் தினமும் இருவர் போய்வர எங்களுக்குக் கட்டுப்படியாகியிருக்காது. முதல் மாதம் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த மாதம் இரண்டு சீட் தள்ளி. ஒருநாள் ஹாரன் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான். ஒருவர், "காலங்காத்தாலயே குடிச்சிட்டு ஏறிடுறானுங்க" என்று சத்தம் போட்டார். நான் எழுவதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். "தினமும் வர்ற தம்பிங்க. அந்த ஜன்னல் சீட்டைக் கொஞ்சம் விடுங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆளும் எழுந்து இடம் கொடுத்தார். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

இப்போது மையத்தில் காகித உறை ஒட்டுகிறான். ஓரம் கோணினால் பிரித்து மறுபடி ஒட்டுவான். மாதம் 600 ரூபாய் தருகிறார்கள். அரசுப் படிவங்களில் நம் பிள்ளைகளுக்கு 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று பெயர். எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார்கள் என்று தெரிந்துவைத்திருப்பவனுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? யாராவது மாற்றுங்களேன்.

உங்களுக்கு எது கைகொடுத்தது, எது கைவிட்டது? எழுதுங்கள்.

•

அக்கா, நான் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் மூத்தவள். தம்பிக்கு 37. அப்பா ரயில்வேயில் இருந்தவர். அப்பாவும் அம்மாவும் இறந்த பிறகு, சம்பாதிக்க இயலாத பிள்ளை என்ற வகையில் தம்பிக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதை வாங்கக் கணக்கு தொடங்கப் போனால் வங்கிக் கிளையில், நான்தான் அவனுக்குப் பாதுகாவலர் என்று கோர்ட் ஆர்டர் கேட்டார்கள்.

18 ஆகிவிட்டால் பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி பாதுகாவலர் இல்லை. இது பல வீடுகளில் தெரிவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி, கலெக்டர் தலைமையிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் இருப்பார்கள். எங்கள் மனு நகராமலே கிடந்தது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். கூட்டத்தில் மிரண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு பெண் அலுவலர் தானும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் மனுவைப் படித்தார். மூன்றாம் வாரம் சான்று வந்தது.

அதைக் காட்டியும் வங்கியில் அசையவில்லை. இந்தக் குழு தரும் சான்றை ஏற்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேசையில் வைத்த பிறகுதான் கணக்கு. நீங்களும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு, வருடத்துக்கு 1 லட்சம் வரை. வயது பார்ப்பதில்லை, மருத்துவப் பரிசோதனையும் இல்லை. தம்பிக்குப் பல் சிகிச்சை செய்தபோது அதுதான் உதவியது.

•

எங்கள் அண்ணன் ஒருநாள் ராத்திரி கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். விடியற்காலை நாலு மணிக்கு டீ மாஸ்டர் ஒருவர் போன் செய்தார். சட்டைக் காலரின் உள்பக்கம் என் நம்பரைத் தைத்து வைத்திருந்தேன். கழுத்தில் கார்டு மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடுவார், அதனால்தான் தையல். அடுத்த நாளே எங்கள் தெருவில் இருக்கும் இஸ்திரி வண்டிக்காரர், பால்காரர், வாட்ச்மேன் எல்லோரிடமும் அண்ணன் போட்டோவைக் காட்டிச் சொல்லி வைத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

•

நான் பெற்றோர் இல்லை. எனக்கே ஆட்டிசம். 31 வயதில்தான் தெரிந்தது. ஐடி வேலையில் இருக்கிறேன். மாற்றுத்திறனாளிச் சான்றுக்குப் போனபோது, "நல்லா பேசுறீங்களே, வேலைக்கும் போறீங்க, அப்புறம் என்ன?" என்றார்கள். ஆட்டிசம் எந்த அளவு என்று மதிப்பிட இங்கே பயன்படுத்தும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 40 கேள்விகள். பாதிக்கு மேல் என் அம்மாவைத்தான் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் வயதுக்காரர்களைப் புரிந்துகொள்ளும் கவுன்சிலர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது.

மேலே எழுதிய அக்காவிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாதுகாவலர் சான்று அவசியம்தான், புரிகிறது. ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பாதுகாவலர் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அதுவும் அந்த நபரையும் கலந்துகொண்டுதான் என்கிறது. எந்தச் சட்டப்படி வாங்கியிருந்தாலும் தம்பியிடம் கேளுங்கள். பேசாவிட்டாலும் கேளுங்கள். வேண்டாம் என்பதை நாங்கள் ஏதோ ஒரு விதத்தில் சொல்லத்தான் செய்கிறோம்.

•

மூத்தவள்தான். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஓய்வூதியப் பணம் வந்ததும் என் தம்பிக்கு ஃபேன் வாங்கினேன். போட்ட நாளிலிருந்து அதை அணைத்துவிட்டுக் கூடத்தில் வந்து படுக்கிறான். பிடிவாதம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்குக் கழற்றிவிட்டுப் பழைய மேசை ஃபேனையே வைக்கிறேன்.